நீல டேப்

எண் மாறவில்லை.

மாறியே ஆக வேண்டும். காத்தக்கா மெஷினின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்த வைத்தியம் பழைய ரேடியோவுக்குத்தான் சரி, இதற்கு உதவாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கை போய்விட்டது. ஒன்று புள்ளி இரண்டு. சற்று முன்பும் அதேதான்.

"என்ன காத்தக்கா, வீட்டுக்குள்ள பேய் புகுந்துடுச்சா?" என்றார், படியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி.

"புகுந்திருந்தா பரவாயில்ல. எதுவுமே உள்ள வரமாட்டேங்குதே, அதான் கவலை."

காத்தக்கா என்பது கட்டட ஆட்கள் வைத்த பெயர். ஒரு கட்டடம் சூட்டை எவ்வளவு சிக்கனமாகப் பிடித்து வைக்கிறது என்று அளந்து சொல்வது அவள் பிழைப்பு. வீட்டின் வாசல் கதவைத் திறந்து, அந்த இடத்தில் ரப்பர் துணியை இழுத்துக் கட்டி, நடுவில் ஆளுயர விசிறி ஒன்றை மாட்டுவாள். ஜன்னல்களைச் சாத்திவிட்டு விசிறியை ஓட்டினால் அது வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சும். உறிஞ்சிய இடத்தை நிரப்பச் சந்து பொந்து வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். எவ்வளவு வருகிறது என்பதுதான் எண். பெரிய எண் என்றால் ஓட்டை வீடு. பனி பெய்யும் அந்த ஊர்க் குளிர்காலத்தில் போட்ட சூடெல்லாம் தெருவுக்குப் போகும். சின்ன எண் என்றால் கெட்டி வீடு.

அதற்கு முன் ஒரு முன்னேற்பாடு உண்டு. வேண்டுமென்றே வைத்த ஓட்டைகளை நீல டேப்பால் ஒட்டி மூடிவிட வேண்டும். கேஸ் ஹீட்டருக்குக் காற்று வருவதற்காகச் சுவரில் விட்ட துவாரம், குளியலறைத் துவாரம் இந்த மாதிரி. தெரிந்தே வைத்த ஓட்டையைக் குற்றம் சொல்லக் கூடாது, தெரியாமல் விட்டதைத்தான் பிடிக்க வேண்டும் என்பது விதி. அளந்து முடித்து டேப்பைப் பிரித்துவிட்டால் ஆபீஸைப் பொறுத்தவரை வேலை தீர்ந்தது.

காத்தக்காவைப் பொறுத்தவரை தீராது. பிரித்த பிறகும் இன்னொரு தடவை விசிறியை ஓட்டுவாள். யாரும் கேட்காத அளவு. அதை எழுத எந்தத் தாளிலும் இடம் கிடையாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவள் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவது போல, அது ஒரு குணம்.

டேப் இருந்தபோது ஒன்று புள்ளி இரண்டு. பிரித்தபின் எண் இரண்டைத் தாண்டிக் குதிக்க வேண்டும். குதிக்கவில்லை. அப்படியென்றால் பிரித்த இடத்தில் ஓட்டையே இல்லை.

விசிறியை நிறுத்தினாள். ஸ்க்ரூட்ரைவருடன் சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குப் போனாள். ஹீட்டர் சுவரில் புத்தம் புதிதாகத் தொங்கியது. தண்ணீரையும் சுட வைக்கும், குழாய் வழியே அறைகளையும் சுட வைக்கும் ரகம். கேஸ் இணைப்பு இன்னும் வரவில்லை. அதற்குப் பக்கத்தில் துவாரம், அதன் மேல் அழகான வெள்ளைக் கம்பி மூடி. நான்கு திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்தாள்.

உள்ளே மஞ்சளாக, கெட்டியாக, பொங்கி உறைந்த நுரை. விரலால் குத்தினாள். அசையவில்லை.

இது ஒன்றாம் நம்பர் வீடு. அடுத்த வாரம் இதில் பால் பாத்திரமும் பாப்பாவுமாகக் குடிவரப் போகிறவள் அவளுடைய சொந்தத் தங்கச்சி. கட்டடத்தைக் கட்டியவர் தங்கச்சி வீட்டுக்காரர்.

*

சொந்தக்காரர் கட்டடத்தை நான் அளக்கலாமா என்று காத்தக்கா ஆபீஸில் முதலிலேயே கேட்டிருந்தாள். அளக்கத் தெரிந்தவர்களே இரண்டு பேர்தான், அதில் ஒருவர் முதுகுவலியில் படுத்திருக்கிறார் என்றார் மேனேஜர். மாமியார் வீடாக இருந்தாலும் மெஷின் பொய் சொல்லாது, போய் அளந்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்.

இரண்டு மாதத்துக்கு முன் முதல் தடவை அளந்தபோது எண் கேவலமாக வந்தது. மாப்பிள்ளை முகம் சுண்டிப்போனார். ஆனால் மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. ஜன்னல் சட்டங்களைக் கழற்றி மறுபடி பூட்டினார். குழாய் போகும் சந்துகளைப் பூசினார். பதினாலு வீட்டையும் தன் கையாலேயே தடவித் தடவிப் பார்த்தார். இன்றைக்கு வந்த ஒன்று புள்ளி இரண்டு அவர் உழைத்துச் சம்பாதித்தது. அந்த எண்ணுக்கு வாசலில் மாட்டும் முதல் தரத் தகடு கிடைக்கும். அந்தத் தகட்டை நம்பித்தான் பதினாலு வீட்டுக்கும் ஆட்கள் பேசி முடித்திருந்தார்கள்.

அதனால்தான் அவரைக் கூப்பிட்டு நுரையைக் காட்டியபோது காத்தக்காவுக்குக் கோபத்தைவிட வியப்பு அதிகமாக இருந்தது. இதை அடைத்ததால் எண்ணில் ஒரு புள்ளிகூடக் குறையாதே. நான்தான் எப்படியும் டேப் ஒட்டிவிட்டு அளக்கிறேனே. பின் எதற்கு?

மாப்பிள்ளை மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னார்.

"அண்ணி, போன தடவை நீங்க வேலை செஞ்சதைப் பக்கத்துல நின்னு பாத்தேன். நல்ல எண் வரணும்னா நீங்களே முதல்ல என்ன செய்றீங்க? இந்த ஓட்டையைத்தானே ஒட்டுறீங்க? அளக்கிற அன்னைக்கு மட்டும் ஒட்டினா அது கண்துடைப்பு. நான் நிரந்தரமா அடைச்சுட்டேன். வருஷம் முழுக்க அதே எண்."

காத்தக்கா நுரையை மறுபடி பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன் அன்று பையன்கள் பேசாமல் இருந்தது நன்றாக இருந்ததென்று வருஷம் முழுக்க வாயில் பிளாஸ்திரி போட்டுவிட்ட மாதிரி இருந்தது. அதுவும் தப்பான எண்ணத்தில் இல்லை. அவளையே பார்த்து, அவளிடமே கற்றுக்கொண்டது.

பொறுமையாக எடுத்துச் சொன்னாள். இந்த ஹீட்டர் எரிவதற்குக் காற்று வேண்டும், அதை இந்த அறையிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். காற்று போதவில்லை என்றால் கேஸ் அரைகுறையாக எரியும். அப்படி எரிந்தால் ஒரு விஷக் காற்று வரும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, இருமல்கூட வராது. தலை வலிக்கும், தூக்கம் வரும், அப்புறம் தூக்கம் கலையாது.

ஜன்னல் இருக்கிறதே என்றார் மாப்பிள்ளை. பனியில் எவன் ஜன்னலைத் திறப்பான் என்றாள் இவள். இத்தனை காலம் எல்லார் வீட்டிலும் ஹீட்டர் எரியவில்லையா, யார் செத்தார்கள் என்றார் அவர்.

"அதெல்லாம் ஓட்டை வீடு மாப்ள. இதை அடைச்சாலும் அது வேற பக்கமா மூச்சு விட்டுக்கும். நீங்கதான் ஒரு சந்து விடாம அத்தனையும் அடைச்சுட்டீங்களே. இது வீடு இல்ல, பாட்டில். மூடியும் போட்டாச்சு."

அவர் முகத்தில் இருந்த பெருமை மெல்ல வடிந்தது. இரண்டு மாத உழைப்பைப் பாட்டில் என்றால் யாருக்குத்தான் வலிக்காது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எண் சரியா இருக்குல்ல?"

"இருக்கு."

"உங்க வேலை அளக்கறது. கையெழுத்துப் போடுங்க அண்ணி. கேஸ்காரன் வேலையைக் கேஸ்காரன் பாத்துக்குவான்."

பதினாலு துவாரமும் திறந்தால்தான் கையெழுத்து என்றாள் காத்தக்கா. மாப்பிள்ளை கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

*

தங்கச்சி ஹாலில் ஸ்டூல் போட்டு ஏறித் திரைச்சீலைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வயசு பாப்பா அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்து அதை பஸ்ஸாக ஓட்டிக்கொண்டிருந்தது. நடந்ததைக் காத்தக்கா சொல்லி முடிக்கும்வரை தங்கச்சி ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. வாயில் குண்டூசி. எடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"போன தடவை வந்து ஓட்டை இருக்கு, ஃபெயிலுன்ன. இந்தத் தடவை ஓட்டை இல்ல, ஃபெயிலுங்கற. நீ எதைத்தான்க்கா நல்லா இருக்குன்னு சொல்லியிருக்க?"

"நல்லா இருக்குடி. அதான் பயமா இருக்கு."

"என் கல்யாணத்தன்னைக்கும் இதே மூஞ்சிதான் வச்சிருந்த. மாப்பிள்ளை ரொம்ப நல்லவரா இருக்காரே, எங்கயோ இடிக்குதேன்னு அம்மாகிட்ட சொன்னியாமே."

சொன்னது உண்மை. காத்தக்கா பேச்சை மாற்றினாள். இதை நிரூபித்துக் காட்டுகிறேன் என்றாள். ஹீட்டரை எரியவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, தன் பையில் இருக்கிற சின்ன மெஷினை வைத்தால் அதுவே கத்திச் சொல்லும். சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. கேஸ் இன்னும் வரவில்லை. தகடு வந்த பிறகுதான் இணைப்பு கொடுப்பார்கள். எரியாத ஹீட்டரை வைத்து எதை நிரூபிப்பது?

தங்கச்சி மறுபடி குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டாள். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அப்போது மேனேஜர் ஃபோனில் வந்தார். மாப்பிள்ளை மாடியிலிருந்து பேசி முடித்திருக்க வேண்டும். நாம் காற்றை அளக்கிறோம், கேஸை அல்ல என்றார் மேனேஜர். எண் சரியென்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பச் சொன்னார். நீ போடாவிட்டால் முதுகுவலிக்காரரை ஸ்ட்ரெச்சரிலாவது தூக்கிவந்து போட வைப்பேன் என்று தமாஷாகச் சொல்வது போல் சொன்னார். தமாஷ் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

யார் கையெழுத்துப் போட்டாலும் அடுத்த வாரம் இந்த வீட்டில் பாப்பா தூங்கும். 

காத்தக்கா நேராக மேஸ்திரியிடம் போய்ச் சுத்தியலும் நீள உளியும் கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இவள் முகத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுத்துவிட்டார், கொஞ்சம் தள்ளியும் நின்றுகொண்டார்.

நுரை சுலபமாகத்தான் பெயர்ந்தது. மஞ்சள் தூள் தலையெல்லாம் கொட்டியது. ஒரு சாண் உள்ளே போனதும் உளி டங்கென்று நின்றது. வெளிப்பக்கம் சிமெண்ட் பூசி, பெயிண்டும் அடித்து முடித்திருந்தார்கள். நல்ல பூச்சு. மாப்பிள்ளை எதையும் அரைகுறையாகச் செய்கிறவரில்லை. அவள் ஓங்கி அடித்தாள். மூன்றாவது அடியில் வெளிச்சம் வந்தது. கூடவே வெளியே தொப்பென்று ஏதோ விழும் சத்தம். 

கையை விட்டுத் துவாரத்தைத் துழாவினாள். கை முழங்கை வரை வெளியே போனது.

அந்தப் பக்கம், கட்டடத்தின் முகப்பில், வீடு பேசி முடித்திருந்த குடும்பங்கள் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை அன்றைக்குத்தான் அவர்களை வீடு பார்க்க வரச் சொல்லியிருந்தார். பாலாடை நிறச் சுவரிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்ததையும், அந்த ஓட்டையிலிருந்து மஞ்சள் பூசிய ஒரு பெண் கை நீண்டு விரல்களை ஆட்டியதையும் அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒரு குழந்தை பதிலுக்கு டாட்டா காட்டியதாக மேஸ்திரி பின்னால் சொன்னார்.

கேள்வி வந்தது. அது என்ன ஓட்டை, எதற்கு வைப்பது, ஏன் மூடினீர்கள், எங்கள் வீட்டிலும் மூடியிருக்கிறதா? மாப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் சிரித்த முகத்தோடு பதில் சொன்னார். சாயங்காலத்துக்குள் பதினாலு துவாரமும் திறந்தன. முகப்பில் பதினாலு காயம்.

காத்தக்கா கையெழுத்துப் போட்டாள். விசிறியை மடித்தாள், துணியைச் சுருட்டினாள், பையைத் தூக்கினாள். யாரும் வழியனுப்ப வரவில்லை. ஹீட்டர் அறையின் ஜன்னல் விளிம்பில் நீல டேப் சுருள் கிடந்ததை அவள் மறந்துவிட்டாள். டேப் துண்டுகளை எண்ணி ஒட்டி எண்ணிப் பிரிக்கிறவள், அன்றைக்குச் சுருளை எண்ணவில்லை.

*

துவாரங்களை விட்டுவிட்டு முகப்பைப் பூசி மறுபடி வண்ணம் அடித்தார்கள். பூசிய இடம் மட்டும் ஒரு சாயல் வெளுத்துத் தெரிந்ததாம். தகடு வந்தது. குடிவந்தார்கள். புது வீட்டுக்குக் காத்தக்காவை யாரும் கூப்பிடவில்லை.

அவள் ஒரு பார்சல் அனுப்பினாள். விஷக் காற்று வந்தால் கத்துகிற, உள்ளங்கை அளவுக் கருவி. கிடைத்ததென்று பதில் இல்லை. பாப்பா பிறந்தநாளுக்கு ஃபோன் செய்தபோது தங்கச்சி எடுத்தாள். இரண்டு வார்த்தை பேசிவிட்டு, ஒன்றும் ஆகலையே, எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. அதுதான் காத்தக்காவின் குற்றம். ஏதாவது ஆகியிருந்தால் அவள் சொன்னது சரி என்றாகியிருக்கும். ஆகாதபடி பார்த்துக்கொண்டதால், நல்ல நாள் பார்த்து நாலு பேர் முன்னால் மாப்பிள்ளை மானத்தை வாங்கிய பொறாமைக்காரி என்று குடும்பத்தில் பேர் நின்றது. நடக்காத விபத்துக்குச் சாட்சி சொல்ல யார் வருவார்கள்?

குளிர்காலம் வந்தது. ஆட்கள் குடியேறிய பின் முதல் குளிரில் இன்னொரு தடவை அளந்தால்தான் வாசல் தகடு நிலைக்கும். முதுகுவலிக்காரர் வேலையையே விட்டுவிட்டிருந்தார். மறுபடி காத்தக்காதான்.

காலை பத்து மணி வாக்கில் ஒன்றாம் நம்பர் வீட்டு மணியை அடித்தாள். திறக்க நேரமானது.

"வாங்க," என்றாள் தங்கச்சி.

காத்தக்கா வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிட்டாள். பிறந்ததிலிருந்து அவளை நீ, வா, போ என்று கூப்பிட்ட வாய். சண்டை போட்டபோதுகூட மாறாத வாய். கதவை முகத்தில் சாத்தியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

"என்னடி, வாங்க போங்கன்னு?"

"ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கீங்க. மரியாதை குடுக்க வேணாமா? சீக்கிரம் அளந்துட்டுக் கிளம்புங்க. எனக்கு ஒரு வாரமா தலைவலி மண்டையப் பிளக்குது."

காத்தக்கா உள்ளே காலெடுத்து வைத்தாள். ஜன்னல் கண்ணாடிகளில் உள்பக்கம் தண்ணீர் வழிந்தது. வீடு கதகதவென்று, குளிருக்கு இதமாக, யாருக்கும் பிடிக்கிற மாதிரி இருந்தது. பாப்பா எங்கே என்றாள். தூங்குகிறது, இந்த வாரமெல்லாம் தூக்கம்தான், டாக்டர் சளி என்று சொல்லியிருக்கிறார் என்று பதில் வந்தது.

அப்போது காத்தக்காவின் பைக்குள் சின்ன மெஷின் கீச்சிட்டது. வேலைக்குப் போகும் இடமெல்லாம் கூட வரும் மெஷின். வருஷக்கணக்கில் ஒரு தடவையும் கத்தாதது.

"உங்க ஃபோனா?" என்றாள் தங்கச்சி.

காத்தக்கா சமையலறையைத் தாண்டி ஓடினாள். ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக, சோம்பலாக ஆடியது. பக்கத்தில் துவாரம். அதன் கம்பி மூடி மேல் நீல டேப், குறுக்கும் நெடுக்கும். மூலைகள் நேர்த்தியாக மடித்து ஒட்டப்பட்டிருந்தன. அவள் ஒட்டுகிற மாதிரியே. சுருள் இன்னும் அதே ஜன்னல் விளிம்பில், பாதி தீர்ந்து கிடந்தது.

ஹீட்டரை அணைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். டேப்பைப் பிய்க்கக் கை வைத்து, பாதி பிய்த்ததுமே பாப்பா ஞாபகம் வந்து படுக்கையறைக்குப் பாய்ந்தாள். போர்வையோடு குழந்தையை வாரி எடுத்தாள். கழுத்து துவண்டு தோளில் விழுந்தது.

"பாப்பாவை எதுக்குத் தூக்குறீங்க? வெளியில பனி. நேத்துதான் கொஞ்சம் சளி விட்டிருக்கு."

"வெளிய வா."

"அந்த ஓட்டை வழியா எலும்பு நடுங்கிற காத்து வருது. அதனாலதான் ஒட்டினேன். நீங்க ஒட்டலாம், நான் ஒட்டக் கூடாதா?"

"வெளிய வாடி."

குரலில் இருந்த ஏதோ ஒன்று தங்கச்சியை நகர்த்தியது. நாலு எட்டு வைப்பதற்குள் தடுமாறிச் சுவரைப் பிடித்தாள். காத்தக்கா ஒரு தோளில் குழந்தையும் மறு கையில் தங்கச்சியுமாக வாசலைத் தாண்டினாள். ஷூ அலமாரியின் மேல் தான் அனுப்பிய பார்சல் அப்படியே பிரிக்காமல் இருந்ததை அந்த அவசரத்திலும் அவள் கண் பார்த்தது.

தெருவோரச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்தாள். ஆம்புலன்ஸுக்கும் கேஸ் கம்பெனிக்கும் ஃபோன் போனது. பாப்பாவின் கன்னம் ரோஜா மாதிரி சிவந்திருந்தது. நல்ல நிறம். பார்க்கிறவர்கள் ஆரோக்கியம் என்று நினைப்பார்கள். அதுதான் இந்த விஷத்தின் கெட்ட புத்தி. காத்தக்கா குழந்தையின் முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள், காதருகே பஸ் ஓட்டுகிற சத்தம் போட்டாள். 

ஒரு முனகல் வந்தது. பிறகு அழுகை. தங்கச்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

*

கேஸ் கம்பெனி ஆள் முதலில் வந்தார். மேல் வீடுகளிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்து நின்றார்கள். அவர் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் நீல டேப்பின் மீதித் துண்டு தொங்கியது. அவர் கண் தேடியது. வாசலில் மடித்து வைத்திருந்த பெரிய விசிறியைப் பார்த்தது. காத்தக்காவின் பையில் ஒட்டியிருந்த ஆபீஸ் அட்டையைப் பார்த்தது. அவருக்குக் கணக்கு நேராகிவிட்டது.

"அளக்க வந்தது நீங்கதானா? ஹீட்டர் எரியும்போதே ஒட்டிட்டீங்களாம்மா? அதை முதல்ல அணைக்கணும்னு உங்களுக்குச் சொல்லித் தரலையா?"

அளக்கிறவர்கள் செய்யவே கூடாத தவறு அது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லித் தருவது. செய்தால் அத்தோடு மெஷினைத் தொட விட மாட்டார்கள்.

"நான் ஒட்டல," என்றாள் காத்தக்கா.

கேஸ் ஆள் டேப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பேச்சுக்கு இடமில்லை என்கிற மாதிரி தங்கச்சி பக்கம் திரும்பி, இவர்கள் வந்துதானே ஒட்டினார்கள் என்று கேட்டார்.

அந்த நேரம் மாப்பிள்ளை ஓடிவந்து சேர்ந்தார். பாப்பாவைத் தொட்டுப் பார்த்தார். பெஞ்சில் இருந்த மனைவியைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். மனைவிக்குத் தலைவலி வந்து ஒரு வாரம் ஆகிறது, அண்ணி வந்ததோ இன்றைக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறந்தார். சுற்றிலும் பதிமூன்று வீட்டுக்காரர்கள். காற்று போதாத வீடு என்று பேர் வந்தால் தகடு என்னாகும், பெற்ற பிள்ளைக்கு அம்மாவே மூச்சை அடைத்தாள் என்று பேர் வந்தால் இவள் என்னாவாள்? அவர் வாயை மூடிக்கொண்டார்.

எல்லாரும் தங்கச்சியைப் பார்த்தார்கள்.

தங்கச்சி அக்காவைப் பார்த்தாள். நேராக, நீண்ட நேரம். சின்ன வயசில் கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டு, அப்பா வரும் சத்தம் கேட்டதும் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அப்போதெல்லாம் காத்தக்கா நான்தான் உடைத்தேன் என்று முந்திக்கொள்வாள். அப்பாவின் அடி இரண்டு நாளில் ஆறிவிடும்.

இப்போது காத்தக்கா முந்திக்கொள்ளவில்லை. காத்திருந்தாள்.

"ம்," என்றாள் தங்கச்சி.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யாரோ, சுவரை உடைத்த அதே பொம்பளைதான் இது என்று பக்கத்து ஆளுக்கு எடுத்துச் சொன்னார்கள். கேஸ் ஆள் காத்தக்காவின் ஆபீஸ் நம்பரைக் கேட்டார். அவளே சொன்னாள். தப்பில்லாமல், இலக்கம் இலக்கமாக. மேனேஜர் இந்தத் தடவை தமாஷ் பேச மாட்டார்.

ஆம்புலன்ஸ் வந்தது. தங்கச்சி ஏறும்போது படியில் தடுக்கி, காத்தக்காவின் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. காதோடு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"நீ தாங்கிக்குவக்கா."

நீ. திரும்பி வந்துவிட்டது. எதற்காக வந்தது என்பதுதான் கசந்தது.

காத்தக்கா மெதுவாகத் தன் கையை உருவிக்கொண்டாள். மாப்பிள்ளை தோளில் சாய்ந்திருந்த பாப்பா அழுகை ஓய்ந்து, விக்கி விக்கி மூச்சு விட்டது. பனியில் அந்த மூச்சு ஒவ்வொன்றும் வாயருகே வெள்ளைப் புகையாகத் திரண்டு கலைந்தது. ஆம்புலன்ஸ் கதவு சாத்தும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. அளக்க மெஷின் வேண்டியிருக்கவில்லை.

வண்டி போனபின் விசிறியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். முகப்பு வழியாகத்தான் போக வேண்டும். ஒன்றாம் வீட்டுத் துவாரத்தைச் சுற்றி, வண்ணம் வெளுத்த இடம் தட்டு அகலத்துக்குத் தெரிந்தது. வாசலில் முதல் தரத் தகடு வெயிலில் மினுங்கியது. அதில் பொறித்திருந்த எண் மட்டும் அப்படியே இருந்தது.